சூடு இறங்கிய பிறகு

சூடெல்லாம் பழகிப்போகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாதவர்கள் கிடையாது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லுகிற (உடைக்கிற) பெண்கள் சொல்வார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளையில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். குளச்சலில் உச்சிவெயிலில் மணலில் உட்கார்ந்து வலை பார்க்கிறவர்களும் சொல்வார்கள். உழைக்கிறவர்களே சொல்லும்போது மறுத்துப் பேச வாய் வராது. ஆனால் அதே பேச்சை வேலை வாங்குகிறவர் சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். செல்லுக்குச் சூடு ஏறினால் என்ன நடக்கிறது என்பது ஒவ்வோர் ஆண்டும் நான் நடத்துகிற பாடம். வகுப்பில் சொல்லும் பாடமும் ஊர் சொல்லும் பேச்சும் எங்கேயோ உரசிக்கொண்டே இருந்தன.

உரசல் எங்கே என்று எனக்குப் பிடிபட வைத்தது என் பெரியம்மை. அவர் அண்டி ஆபீஸில் பல காலம் வேலை பார்த்தவர். பருப்பை உலர்த்துகிற போர்மா அறைக்கு உள்ளேயும் வெளியேயுமாக நடப்பதுதான் அவருடைய வேலை. ஒரு மே மாதம் பேச்சுவாக்கில், "வேல நேரத்துல ஒண்ணும் தெரியாது மக்களே. அது பழகிப் போச்சு. ராத்திரி வந்து கிடந்த பெறவுதான் உடம்பு என்னமோ பண்ணும்" என்றார். வேலை நேரத்தில் ஒன்றும் இல்லை, வேலை முடிந்த பிறகுதான் கஷ்டம் என்கிறார். சூட்டில் இருக்கும்போது தாங்கிய உடம்பு, சூடு போன பிறகு ஏன் தடுமாற வேண்டும்? தண்ணீர் குறைந்தது, உப்பு குறைந்தது என்று மருத்துவர் ஒரு விளக்கம் சொல்வார், அது சரியான விளக்கமும்கூட. ஆனால் எனக்கு அந்தப் "பெறவு" என்கிற நேரமே ஒரு கேள்வியாக நின்றுவிட்டது. நாங்கள் நடத்தும் பாடம் முழுக்கச் சூடு ஏறும் நேரத்தைப் பற்றியது. இறங்கும் நேரத்துக்கு அதில் ஒரு பத்திகூட இல்லை.

ஈயின் குரோமோசோமில் ஒரு புடைப்பு

அந்தப் பாடத்தின் கதை பழையது. 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட, வழக்கமாக இல்லாத இடங்களில் குரோமோசோம் புடைத்துக்கொண்டு நின்றது. புடைப்பு என்றால் அந்த இடத்தில் டி.என்.ஏ. அவிழ்ந்து, ஆர்.என்.ஏ. மும்முரமாக எழுதப்படுகிறது என்று பொருள். 1962-இல் அதை வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1974-இல், சூடு ஏறும்போது செல் சில புரதங்களைத் தனியாகத் தயாரிக்கிறது என்று தெரிந்தது. அவைதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சூட்டில் மற்ற புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிப்பது இவற்றின் வேலை. பாடப்புத்தகம் இங்கே வந்து நின்றுவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது எனக்குப் பிடிவாதம். அதனால் செய்முறை வகுப்பில் பாலிடீன் குரோமோசோம், அதாவது பல இழைகள் சேர்ந்து தடித்த குரோமோசோம், எடுப்போம். எங்கள் ஊரில் பழ ஈக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சீப்பு மட்டிப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனால் மறுநாள் மொய்த்துக் கிடக்கும். ஆனால் புடைப்புகளின் முகவரி தெரியவேண்டும் என்றால் டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈ இனம்தான் வேண்டும். சோளமாவு, சர்க்கரை, அகார், ஈஸ்ட் போட்ட சீசாவில் 25 டிகிரியில் அதை வளர்க்கிறோம். மூன்றாம் பருவத்து லார்வா கூட்டுப்புழு ஆவதற்கு முன் உணவை விட்டுச் சீசாச் சுவரில் ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் எடுத்தால் சுரப்பி பெரிதாக இருக்கும். ஒரு சொட்டு உப்புக்கரைசலில் லார்வாவைப் போட்டு, ஓர் ஊசியால் வாய்க்கொக்கியையும் இன்னோர் ஊசியால் உடம்பையும் பிடித்து இழுத்தால், கண்ணாடி போல இரண்டு சுரப்பிகள் கூடவே வரும். சாயம் போட்டு, கவர்சிலிப் வைத்து, பிளாட்டிங் தாளுக்கு இடையில் கட்டைவிரலால் ஒரே அழுத்து. கை நடுங்கினால் குரோமோசோம் சுருண்டுவிடும். சரியாக அமைந்தால், ஆயிரம் இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டிய பட்டைபட்டையான நாடா தெரியும். மைக்ரோஸ்கோப்பில் அதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் கண்ணை எடுக்கவே மாட்டார்கள்.

இப்போது அதே வயது லார்வாக்களை ஈரத்தாள் வைத்த குழாயில் போட்டு 37 டிகிரித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். நமக்கு 37 என்பது உடம்பின் சாதாரணச் சூடு. 25-இல் வளர்ந்த ஈக்கு அது பெரிய அதிர்ச்சி. மூன்றாம் குரோமோசோமின் வலது கையில் புடைப்புகள் தெரியும். 87ஏ, 87சி என்ற இடங்களில் எழும் புடைப்புகளிலிருந்து ஹெச்.எஸ்.பி.70 என்கிற பெயர்பெற்ற காவல் புரதம் வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, 93டி என்ற இடத்தில் பெரிதாக ஒன்று. புடைப்பின் அளவைப் பார்த்தால் அங்கிருந்துதான் முக்கியமான புரதம் வரும் என்று யாரும் நினைப்பார்கள். அங்கிருந்து அப்படி எந்தக் காவல் புரதமும் வரவில்லை.

93டி-யோடு இந்திய அறிவியலுக்கு நெருங்கிய உறவு உண்டு, அதை வகுப்பில் சொல்லாமல் நான் நகர்வதில்லை. எஸ்.சி. லகோட்டியா இளம் ஆய்வாளராகக் கல்கத்தாவில் இருந்தபோது, பென்சமைடு என்ற வேதிப்பொருள் கொடுத்தால் மற்றப் புடைப்புகள் எழாமல் 93டி மட்டும் எழுகிறது என்று 1970-இல் காட்டினார். பிறகு பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, பல தலைமுறை மாணவர்களோடு, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு ஜீனுக்குக் கொடுத்தார். ஜீனுக்கு ஹெச்.எஸ்.ஆர். ஒமேகா என்று பெயர். புரதம் தராத ஜீனுக்கு மதிப்பு இல்லாத காலம் அது. மனித டி.என்.ஏ.-வில் புரதத்துக்கான பகுதி ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான் என்று தெரிந்தபோதும், மீதியைக் குப்பை என்று ஒதுக்கத்தான் பலர் தயாராக இருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு ஈயின் ஒரு புடைப்பைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! பெரிய கருவியும் பெரிய பணமும் இல்லாத எங்களைப் போன்ற கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்த ஜீன் தரும் ஆர்.என்.ஏ.-க்களில் பெரியது உட்கருவை விட்டு வெளியே போவதே இல்லை. 280 எழுத்துகள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் நீண்ட இழை அது. சாதாரண நாளில் இந்த இழைகள் உட்கருவுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒமேகா புள்ளிகள் என்று 2000-இல் லகோட்டியா குழு பெயர் வைத்தது. ஆர்.என்.ஏ.-வை வெட்டி ஒட்டிப் பக்குவப்படுத்துகிற வேலைக்குத் தேவையான ஒரு வகைப் புரதங்களை, ஹெச்.என்.ஆர்.என்.பி. என்பார்கள், இந்தப் புள்ளிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சூடு ஏறினால் காட்சி மாறிவிடும். செல் வழக்கமான எழுத்துவேலையைப் பெரும்பாலும் நிறுத்துகிறது. குரோமோசோம் முழுக்கப் பரவியிருந்த அந்தப் புரதங்கள் தங்கள் இடங்களை விட்டு வருகின்றன. சிதறியிருந்த புள்ளிகளும் மறைகின்றன. எல்லாம் போய்ச் சேர்வது 93டி-க்கு. படத்தில் பார்த்தால் உட்கருவே வெறிச்சோடி, ஓரிடத்தில் மட்டும் ஒளி திரண்டு நிற்கும்.

திரும்பிப் போகிற வேலை

இதுவரைக்கும் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததுதான். ஆபத்து வந்தது, செல் வேலையை நிறுத்தியது, வேலையாட்களைப் பத்திரமாக ஓரிடத்தில் சேர்த்தது. கேட்கிறவர்களுக்கும் உடனே புரியும். லகோட்டியா குழு 2012-இல் குரோமோசோமா இதழில் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்த பிறகுதான் என் கவனம் வேறு பக்கம் திரும்பியது. அவர்கள் இந்த ஆர்.என்.ஏ. குறைவாக உள்ள ஈக்களையும், அளவுக்கு மீறி உள்ள ஈக்களையும் சூட்டுக்கு உட்படுத்தினார்கள். குறைந்தால் கெடுதல் என்பது எதிர்பார்த்ததுதான். கூடினாலும் ஈக்கள் சரியாகப் பிழைக்கவில்லை. நான் வெகுநேரம் நின்றது அதற்கு அடுத்த விஷயத்தில். சூடு இறங்கி, மறுபடி வழக்கமான வெப்பநிலைக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்றும் பார்த்திருந்தார்கள். நல்ல ஈயில் ஹெச்.என்.ஆர்.என்.பி.-க்களும், ஆர்.என்.ஏ. எழுதுகிற பாலிமரேஸ் என்ஸைமும், ஹெச்.பி.1 என்ற குரோமோசோம் புரதமும் தத்தம் இடங்களுக்குத் திரும்பிவிடுகின்றன. ஒமேகா ஆர்.என்.ஏ. அளவு தவறிய ஈயில் இந்தத் திரும்பல் சரியாக நடப்பதில்லை. சூடு போய்விட்டது, ஆனால் செல்லின் வேலை பழையபடி தொடங்கவில்லை.

சின்னமுட்டம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை நாட்களில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எச்சரிக்கை வந்தால் படகுகள் கிடைக்கிற வேகத்தில் கரைக்கு வந்து, இடம் இல்லாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். கடல் அமைதியானதும் அவை தானாகப் போய்விடுவதில்லை. உள்ளே மாட்டிய படகு வெளியே வர முன்னால் நிற்பவை விலகவேண்டும். ஐஸ் ஏற்றவேண்டும், டீசல் போடவேண்டும், ஊருக்குப் போன ஆட்கள் வரவேண்டும். யார் முதலில் போவது என்ற ஒழுங்கு இல்லையென்றால் கடல் குளம்போல் கிடந்தாலும் தொழில் நடக்காது. சேர்த்து வைத்த இடத்திலிருந்து ஒழுங்காக அனுப்பி வைப்பதும் ஒமேகா ஆர்.என்.ஏ.-வின் பொறுப்பு என்பதுதான் அந்த ஈக்கள் சொன்ன செய்தி. ஆளை இறுக்கிப் பிடித்தே வைத்திருந்தாலும் கேடு, பிடிக்க ஆளில்லாமல் போனாலும் கேடு.

அன்றிலிருந்து "சூடு போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது. பழைய நிலைக்குத் திரும்புவது தனியாக ஒரு வேலை. அதற்கென்று ஒரு பொறி இருக்கிறது, அதற்கு நேரமும் பிடிக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது

ஈயிடம் இருப்பது நம்மிடம் இருக்குமா என்று மாணவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். 93டி நம்மிடம் இல்லை. ஆனால் நம் ஒன்பதாவது குரோமோசோமின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில், சாட்டிலைட் 3 என்ற தொடர் இருக்கிறது. ஜி.ஜி.ஏ.ஏ.டி. என்ற ஐந்தெழுத்தைச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்ப எழுதியது போன்ற நீண்ட பகுதி. சாதாரண நேரத்தில் அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. வளர்ப்புத் தட்டில் உள்ள மனித செல்லை 42 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஹெச்.எஸ்.எஃப்.1 என்ற புரதம், அதாவது காவல் புரதங்களின் ஜீன்களை முடுக்கிவிடும் அதே புரதம், இங்கேயும் வந்து உட்காருகிறது. உடனே அங்கே ஆர்.என்.ஏ. பெருமளவில் எழுதப்படுகிறது. அந்த ஆர்.என்.ஏ. பிறந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அதைச் சுற்றி, எஸ்.ஆர்.எஸ்.எஃப். என்ற வகையைச் சேர்ந்த வெட்டி ஒட்டும் புரதங்கள் திரள்கின்றன. இந்தத் திரள்களை உட்கரு அழுத்தத் திரள்கள் என்று சொல்லலாம்.

ஈயின் ஒமேகாவுக்கும் மனிதனின் சாட்டிலைட் 3-க்கும் எழுத்தில் ஒற்றுமை கிடையாது. ஒன்றிலிருந்து மற்றது வந்ததும் இல்லை. ஈக்களுக்குள்ளேயே இனத்துக்கு இனம் அந்தத் தொடர் மாறிவிடுகிறது, நீளம்கூட மாறுகிறது. சாட்டிலைட் 3 குரங்கினத்துக்கும் நமக்கும் மட்டும் உரியது, எலிக்கு இல்லை. எலியில் பி2 என்ற குட்டி ஆர்.என்.ஏ. சூட்டில் பெருகி, பாலிமரேஸ் என்ஸைமை நேரடியாகப் பிடித்து எழுத்தை நிறுத்துகிறது. ஆக, புரதமாகாத ஆர்.என்.ஏ.-வைக் கொண்டு உட்கருவின் வேலையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேறு வேறு உயிர்களில் வேறு வேறு விதமாக அமைந்திருக்கிறது. நான் இதில் பார்ப்பது தற்செயலை அல்ல. சூட்டைத் தாங்கப் புரதம் மட்டும் போதாது என்று உயிர்கள் திரும்பத் திரும்பக் கண்டுகொண்டதாகவே நினைக்கிறேன்.

மனித செல்லின் இந்தத் திரள்களிலும் முக்கியமான வேலை சூடு இறங்கிய பிறகுதான் நடக்கிறது. ஜப்பானில் டெட்சுரோ ஹிரோசேயின் குழு 2020-இல் இதைக் காட்டியது. சூட்டில் எஸ்.ஆர்.எஸ்.எஃப். புரதங்கள் தங்கள் மேலிருக்கும் பாஸ்பேட்டை இழந்துவிடுகின்றன. செல்லை 42-இலிருந்து 37-க்கு இறக்கியதும், சி.எல்.கே.1 என்ற என்ஸைம் இந்தத் திரளுக்குள் நுழைகிறது. சூட்டின்போது அது அங்கே இருப்பதில்லை. அது எஸ்.ஆர்.எஸ்.எஃப்.9 முதலிய புரதங்களுக்கு மறுபடி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதனால் நூற்றுக்கணக்கான ஜீன்களின் ஆர்.என்.ஏ.-க்கள், இன்ட்ரான் (வெட்டி எடுக்கப்படவேண்டிய இடைப்பகுதி) வெட்டப்படாமல் உட்கருவுக்குள் காத்திருக்கும் தங்கள் பழைய நிலைக்கு விரைவாகத் திரும்புகின்றன. திரளை உண்டாக்கியது சூடு. ஆனால் அது ஒரு பட்டறை மாதிரி இயங்கத் தொடங்குவது சூடு போன பிறகு. இதைப் படித்தபோது பெரியம்மை சொன்ன "பெறவு" எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தட்டில் உள்ள செல்லுக்கும் போர்மா அறையில் நடக்கும் பெண்ணின் உடம்புக்கும் நடுவே தூரம் அதிகம். உடம்பு வியர்த்து, தோலுக்கு ரத்தத்தைக் கொடுத்து, உள்ளே 37-ஐக் காப்பாற்றப் பார்க்கும். உள்வெப்பம் 40-ஐத் தாண்டி மூளை தடுமாறினால் அது வெப்பவாதம், உயிருக்கே ஆபத்து. அதனால் பெரியம்மைக்கு ராத்திரி வந்த அலுப்புக்குச் சாட்டிலைட் 3-தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பழக்கம் என்பது பொய் என்றும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு வாரம் சூட்டில் வேலை செய்தால் உடம்பு சீக்கிரம் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் உப்பைக் குறைத்துக்கொள்கிறது. தனிச் செல்கூட ஒரு மிதமான சூட்டுக்குப் பிறகு அடுத்த கடும் சூட்டைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். ஆனால் இரண்டுமே, சூட்டுக்கும் சூட்டுக்கும் நடுவே கிடைத்த ஓய்வில் நடந்து முடிந்த வேலையால் வந்தவை. அந்த ஓய்வைப் பறித்துக்கொண்டு, பழகிவிடும் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இதைப் பேசுவது கொஞ்சம் கடினம். இரண்டு பருவமழையும் கிடைக்கிற ஊர், மலையும் கடலும் பக்கத்தில், வேலூர் மாதிரியா இங்கே வெயில் என்று கேட்பார்கள். வெப்பமானியை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் கடலோர ஈரக்காற்றில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பகலில் ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் கீழே வேலை, ராத்திரி காங்கிரீட் கூரை விடுகிற சூட்டில் தூக்கம். ரப்பர் பால்வெட்டுகிறவர்கள் மட்டும் விடியுமுன் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அது மரத்துக்காக, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்துக்குப் பார்க்கிற நேரத்தை ஆளுக்கும் பார்த்தால் என்ன? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனாலும் நம்முடைய எச்சரிக்கைகள் எல்லாம் உச்சிப்பொழுதில் வெளியே போகாதீர்கள் என்ற அளவில் நிற்கின்றன. வேலை முடிந்த பிறகு ஒருவருக்குக் குளிர்ந்த இடத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதை எந்த ஆபீஸிலும் யாரும் கணக்கெடுப்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும்.

செய்முறை வகுப்பை இப்போது மாற்றியிருக்கிறேன். முன்பு 25 டிகிரி சிலைடு ஒன்று, 37 டிகிரி சிலைடு ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டுப் படம் வரைந்தால் முடிந்தது. இப்போது சூட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் 25 டிகிரியில் விட்டு எடுத்த சுரப்பிகளும் உண்டு. எங்கள் மைக்ரோஸ்கோப்பில் ஒமேகா புள்ளிகள் தெரியாது, அதற்கு ஒளிரும் சாயமும் வேறு கருவியும் வேண்டும். ஆனால் புடைப்பு மெல்ல அடங்குவதைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்கலாம். போன பருவத்தில் குலசேகரத்திலிருந்து வருகிற ஒரு மாணவி, "மிஸ், அடங்கி முடியிறதுக்கு முன்னாடியே மறுபடி சூட்டில போட்டா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் பால்வெட்டு முடித்துவிட்டுச் சூளை வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. இந்தப் பருவத்தில் அதைத்தான் செய்கிறோம். ஒரு தொகுதி லார்வாக்களுக்கு இரண்டு சூட்டுக்கு நடுவே முழு ஓய்வு, இன்னொரு தொகுதிக்கு அரை ஓய்வு. புடைப்பை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு சீசாவிலும் எத்தனை கூட்டுப்புழு ஆகிறது, எத்தனை ஈயாக வெளியே வருகிறது என்றும் எண்ணப்போகிறோம். சீசாக்களில் தேதி எழுதி அடுக்கியாகிவிட்டது.